சிவப்பு அம்பு ஒட்டிய வீடு

எங்கள் வீட்டில் இணையத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். கம்ப்யூட்டர் திரை வாசலைப் பார்த்து இருக்க வேண்டும். யார் வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே நான் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துவிடும். பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தூரத்துச் சொந்தம் என எல்லாரும் என் திரையைப் படித்திருக்கிறார்கள். ஒருவர் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, வெறும் எழுத்தா ஓடுது, படமே வராதா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அருள்புரத்துக்குப் பக்கத்தில், பல்லடம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. கீழே அப்பாவின் யூனிட். பெரிய கம்பெனிகள் தைத்து அனுப்பும் பனியன்களைச் செக் செய்து, அயர்ன் போட்டு, பேக் செய்து கொடுக்கும் இடம். முதல் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். மொட்டை மாடியில் ஒற்றை அறை. அது என்னுடையது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்து முடித்து, பெட்டியும் ஒரு லேப்டாப்புமாக வந்து இறங்கியபோது அந்த அறையைத்தான் கேட்டு வாங்கினேன்.

இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முந்தைய காலம் அது. பெங்களூரில் ஒரு அலுவலகம், பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்காக அளவுப் பட்டியலும் பிரிண்ட் டிசைனும் தயார் செய்து கொடுப்பது அவர்கள் தொழில். வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் எடுத்தார்கள். எழுதிப் போட்டேன், கூப்பிட்டார்கள். இன்னும் மூன்று வாரத்தில் இரண்டு மணி நேரச் சோதனை. ஹெட்செட்டில் பேசிக்கொண்டே அவர்கள் அனுப்பும் பட்டியலில் தப்பைக் கண்டுபிடித்து, திருத்தி, அப்போதே திருப்பி அனுப்ப வேண்டும். தொடர்பு ஒரு தடவை அறுந்தால் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாவது தடவை அறுந்தால் அத்தோடு சரி.

"ஹால்லயே உக்காந்து பண்ணு, ஆரு வேண்டாங்கறா?" என்றார் அப்பா.

"ஹால்ல ஃபேக்ஸ் கத்தும், ஆளுக வருவாங்க, நீங்க போன்ல பேசுவீங்க. நான் எப்படிங்கப்பா பேசறது? மேல என்ற ரூம்ல பண்றனுங்க. ஒயரில்லாம நெட் வர்றதுக்கு ரவுட்டர்னு ஒண்ணு இருக்குங்க. அது வேணும்."

"கதவைச் சாத்திக்கிட்டு அப்படியென்ன பேச்சு?"

அதுதான் விஷயம். ஃபேக்ஸும் ஆட்களும் எல்லாம் சும்மா. அவருக்குக் கதவுதான் உறுத்தியது, எனக்கும் கதவுதான் வேண்டியிருந்தது.

"இது ஆகலைன்னா கீழ நம்ம கம்பெனியிலயே பேக்கிங் லிஸ்ட் அடிக்க உக்காந்துக்க கண்ணு. ஆரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல" என்று முடித்தார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில் எனக்கு மூச்சு முட்டியது. உட்கார மாட்டேன் என்று சொன்னேன். ரவுட்டரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். எங்கள் வீட்டில் ஆம்பிளைகளே அப்பாவிடம் அப்படிச் சொன்னதில்லை.

எதை வாங்குவது என்று தெரிந்துகொள்ள முதலில் வீட்டை அளக்க வேண்டும். கூடப் படித்த தோழி ஒருத்தியிடம் பழைய ரவுட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்து, ஹாலில் மோடத்துக்குப் பக்கத்தில் வைத்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாக நடந்தேன். ஹாலில் சிக்னல் ஐந்து கோடு. சமையலறையில் நாலு. அப்பா அம்மா அறையில் பீரோவுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் ஒன்று. மேலே என் அறையில் ஒன்று வரும், போகும், நான் திரும்பி உட்கார்ந்தால் அதுவும் இருக்காது.

காரணம் வாஸ்து. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே வாஸ்துதான். வீடு கட்டி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. தென்மேற்கு மூலை, அதாவது கன்னி மூலை, உயரமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும் என்று அதன் உச்சியில் என் அறையைக் கட்டினார்கள். அதற்கு நேர் கீழே இரும்பு பீரோவை நிறுத்தினார்கள். போன் லைன் இறங்கியதோ எதிர்மூலையில், வடகிழக்கில். ஆக, சிக்னல் வீட்டின் மூலைவிட்டம் முழுக்க நடந்து, அம்மாவின் பட்டுப்புடவைகளும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் இரும்புப் பெட்டியைத் தாண்டி, கான்கிரீட் தளத்தையும் தாண்டி என்னிடம் வர வேண்டும். எந்த ரவுட்டர் வரும்?

"பீரோவைச் சித்தெ தள்ளி வெச்சா ஆகாதுங்களாம்மா?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏம்மிணி, உன்ற நெட்டுக்கோசரம் லட்சுமியை நவுத்தச் சொல்றயா?"

சுவரில் துளை போட்டு என் அறைக்கு ஒயர் இழுக்கலாம் என்றேன். புது வீட்டுச் சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது, இதில் துளையா என்று அதற்கும் மூடு விழா.

வாயால் சொல்லி எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அப்பா ஒரு விஷயத்துக்குக் கட்டுப்பட்டவர். பதினெட்டு வயதில் செக்கிங்கில் சேர்ந்து, செக்கிங் மாஸ்டராகி, அதற்குப் பிறகு சொந்தமாக யூனிட் போட்டவர். செக்கிங்கில் ஒரு பனியனில் ஊசி ஓட்டையோ, தையல் விட்டதோ, கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்பின் நுனி குறையைக் காட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் ஆல்ட்டருக்குப் போய்ச் சரியாகி வரும்வரை பெட்டிக்குள் போகாது. அப்பாவின் யூனிட்டில் அம்பு ஒட்டிய பீஸ் தவறிப்போய்ப் பேக் ஆகிவிட்டால் அன்றைக்கு யாரும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

கீழே இறங்கி, செக்கிங் மேசையில் இருந்த அக்காவிடம் ஒரு ஷீட் அம்பு கேட்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, எங்களிடம் நாலு வருஷமாக வேலை பார்ப்பவர். பத்து பேர் மேசையில் அவர் வாய்தான் முதலில் திறக்கும்.

"எதுக்கு பாப்பா? சுடிதாரு தையல் விட்டிருக்கா?"

"ஊட்டுக்குங்க்கா."

நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டதும் மேசையே சிரித்தது. "ஏ, கேட்டியளா! வீட்டையே ஆல்ட்டருக்குப் போடப் போறாவளாம்! மாஸ்டரு வந்தா நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிராதீய தாயி" என்று ஒன்றுக்கு இரண்டு ஷீட்டாகக் கொடுத்தார்.

இரண்டு கோட்டுக்குக் கீழே போன ஒவ்வொரு இடத்திலும் ஒரு அம்பு. பீரோவின் பக்கவாட்டில் மூன்று. மாடிப்படி முடியும் இடத்தில் ஒன்று. என் அறையில் கட்டில், மேசை, ஜன்னல், கதவு என்று இருபதுக்கு மேல். அறை அம்மை போட்டது மாதிரி ஆகிவிட்டது.

சாப்பிட மேலே வந்த அப்பா பீரோவுக்கு முன்னால் நின்றார். அம்மா, "பாருங்க, உங்க மக பண்ணி வெச்சிருக்கறதை" என்று தொடங்கியதைக் கையால் நிறுத்தினார். அம்பைத் தொட்டுப் பார்த்தார். நுனி காட்டும் திசையில் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் இரும்பு.

"இதென்ன டேமேஜ்?"

"இங்க வந்ததும் அறுந்து போகுதுங்கப்பா."

அவர் அடுத்த அம்புக்குப் போனார். அதற்கு அடுத்ததுக்கு. படியேறி என் அறைக்கு வந்து எல்லாவற்றையும் எண்ணாமல் எண்ணினார். அவருடைய கண் அப்படிப் பழகியது, அவரால் தடுக்க முடியவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"படி திரும்பற எடத்துல அம்பே இல்லையே?"

"அங்க நாலு கோடுங்க. நட்டநடுவுல, பீரோவும் குறுக்க வராது. அங்கிருந்து பார்த்தா என்ற ரூமுக்கு ரெண்டே சுவர். போன் ஒயரை நீட்டி மோடத்தையும் ரவுட்டரையும் அங்க வெச்சிட்டா போதும். ஆணி வேண்டாம், டபுள் டேப் போட்டே ஒட்டிருவேன்."

"பொறவு என்னத்துக்கு இவ்வளவு அம்பு? அங்க வெச்சுத் தொலைய வேண்டியதுதானே" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. சோற்றுக்கு உட்கார்ந்த பிறகு, "ஞாயித்துக்கெழம கடைக்குப் போலாம். நானும் வாரேன். கண்ட சரக்கை வாங்கிட்டு வந்துருவே" என்றபோதுதான் தெரிந்தது.

இரவல் ரவுட்டர் அதற்குள் எனக்கு இன்னொரு பாடம் சொல்லியிருந்தது. மூன்று மணி நேரம் ஓடினால் அது மூச்சடைத்து நின்றுவிடும். கழற்றிப் பார்த்தால் காற்றுத் துளைகள் எல்லாவற்றிலும் பஞ்சு. எங்கள் ஊரில் பஞ்சு எங்கேதான் போகாது? கண் இமையில் இருக்கும், சாம்பாரில் இருக்கும். இதை அம்மாவிடம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி விளக்கிச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

திருப்பூர் டவுனில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் அந்தக் கடை. கடைக்காரர் மூன்று ஆண்டெனா வைத்த ஒன்றை எடுத்து, குழந்தையைக் காட்டுவது மாதிரி காட்டினார். "இதாங்க லேட்டஸ்ட்டு. ‘என்’னு இங்கிலீஷ் எழுத்துப் போட்டிருக்கு பாருங்க. ஸ்பீடு பிச்சுக்கும்."

"என்ற லேப்டாப்புல இருக்கறது பழைய ‘ஜி’ங்க. நீங்க ‘என்’ குடுத்தாலும் அது ‘ஜி’ வேகத்துலதான் வாங்கும்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா பெட்டியைக் கையில் வாங்கி எடை பார்த்தார். பிறகு, மிக மரியாதையாக, திருப்பூரில் எந்தச் சரக்கை வாங்கினாலும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"இது எத்தனை ஜி.எஸ்.எம்முங்க?"

எங்களுக்கு ஜி.எஸ்.எம் என்றால் துணியின் கனம், ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம். செல்போன் விற்கிறவருக்கு அது வேறு.

"ஜி.எஸ்.எம் இல்லீங்க, இதுல சிம் போட முடியாது. இது வைஃபைங்க."

"சிம்மு கெடக்குதுங்க. கனம் எவ்வளவுன்னு கேட்டேன்."

"கனமுங்களா? அரைக் கிலோ வருங்க."

"அட, அதில்லீங்க! துணி ரோல்ல ஓரத்துல நூத்தியெண்பது வரும், நடுவுல நூத்தியறுவது வரும். அந்த மாதிரி இது எல்லா எடத்துலயும் ஒரே சீரா வருமான்னு கேக்கறனுங்க. ஓரத்துல மெலிஞ்சு போச்சுன்னா பொறவு சரக்கு ரிஜெக்ட்டுதானுங்களே?"

கடைக்காரர் விழித்தார். நானும்தான். ஒரு வாரமாக இணையத்தில் படித்த அத்தனை கட்டுரையையும் அந்த ஒரு கேள்வியில் மனுஷன் கேட்டுவிட்டார். வேகம் எவ்வளவு என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். ஓரத்தில் எவ்வளவு என்று ஒருவரும் எழுதவில்லை. அன்றைக்கு அவரை ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

என் கேள்வி வேறு. "அடாப்டர் எத்தனை வோல்ட்டுங்க?"

"எதுக்குங்க அது? பிளக்குல சொருவுனா ஓடும்."

"சொல்லுங்க."

கடையிலிருந்த ஒவ்வொரு பெட்டியையும் திறக்க வைத்தேன். மூன்று ஆண்டெனாக்காரன் ஐந்து வோல்ட். ஆண்டெனாவை வயிற்றுக்குள் ஒளித்துக்கொண்டு சோப்புப் பெட்டி போல் அழகாக இருந்ததற்கு ஒன்பது. ஆறாவது பெட்டியில், நீலமும் கறுப்புமாக ஒரு அசிங்கமான ‘ஜி’ ரவுட்டர், கழற்றி மாட்டக்கூடிய ஒற்றை ஆண்டெனா, சுற்றிலும் பெரிய பெரிய காற்றுத் துளை. பன்னிரண்டு வோல்ட். எங்கள் மோடமும் பன்னிரண்டு வோல்ட். என் ஸ்கூட்டர் பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட்.

"இது போதுங்க."

"அம்மணி, அது பழசு" என்றார் கடைக்காரர், என்மேல் இரக்கப்பட்டு.

"இருக்கட்டுமுங்க."

ஏன் என்று அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் கரண்ட் முறை வைத்துப் போகும். சோதனை நாளன்று எங்கள் முறை பகல் பதினொன்றுக்கு. எனக்குக் கொடுத்த நேரம் பத்தரை. கீழே யூனிட்டுக்கு ஜெனரேட்டர் உண்டு, வீட்டுக்கு அதில் லைன் கிடையாது. "நேரத்தை மாத்தச் சொல்லு" என்று அப்பா சொல்லியிருந்தார். கேட்க மாட்டேன். வேலைக்குச் சேரும் முன்னாலேயே ‘எங்க ஊரில் கரண்ட் இருக்காதுங்க’ என்று போய் நிற்பதா?

பழைய அடாப்டர் இரண்டின் ஒயரை வெட்டி, எது பிளஸ் எது மைனஸ் என்று மீட்டர் வைத்துப் பார்த்து, நடுவில் ஃபியூஸ் போட்டு, ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பேட்டரியோடு படி திரும்பும் இடத்தில் எல்லாவற்றையும் ஒரு பலகையில் அடுக்கினேன். சோதனைக்கு முந்தின நாள் பகலில் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். என் அறையில் நாலு கோடு, கதவைச் சாத்தினால் மூன்று. நிலையாக மூன்று. அறையில் ஒட்டிய அம்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிய்த்தேன்.

மறுநாள் காலை பத்தரைக்குக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, ஹெட்செட்டை மாட்டினேன். பெங்களூரிலிருந்து ஒரு அம்மா பேசினார், கறாரான குரல். முதல் பட்டியலில் கைச்சுற்றளவில் தப்பு, கண்டுபிடித்தேன். இரண்டாவதில் தோள் அளவு. மூன்றாவதை அனுப்பும்போது கோடு மூன்றிலிருந்து இரண்டானது. ஒன்று. அறுந்தது.

ஒரு வாய்ப்பு போய்விட்டது. படியில் ஓடி இறங்கினேன். அங்கே என் ரவுட்டரைக் காணோம். அந்த இடத்தில் ஜிகுஜிகுவென்று மின்னும் ஒரு சின்ன மூட்டை, நெற்றியில் குங்குமம், தலையில் ஒரு முழம் மல்லிகை. அம்மா கீழிருந்து ஜரிகை நூல் கலந்த துண்டுத் துணி எடுத்து, ரவுட்டருக்கு அளவாக உறை தைத்து, ஆண்டெனாவுக்குக் கைகூட வைத்து மாட்டிவிட்டிருந்தார்.

"அம்மா!"

"பஞ்சு அடைச்சுக்கும்னு நீதானே அம்மணி சொன்னே? நல்ல நாளும் அதுவுமா வெறுமனே இருக்கக் கூடாதுன்னு..."

உறையை உருவினேன். ரவுட்டர் உடம்பு கொதித்தது. ஜரிகையின் உலோகமா, உள்ளே அடைந்த சூடா, எது அறுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உறையை அம்மா கையில் கொடுக்காமல் படியில் எறிந்துவிட்டு மேலே ஓடினேன். அதற்கு இன்னும் திட்டு வாங்குகிறேன்.

மறுபடி இணைந்தபோது பெங்களூர் அம்மா, "இன்னொரு தடவை ஆனால் நிறுத்திவிடுவேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். ஆகாது என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

பதினொன்றுக்கு ஃபேன் நின்றது. கீழே ஜெனரேட்டர் பிடிக்கும்வரை அயர்ன் டேபிள் நின்றது, எஃப்.எம். நின்றது. கோடு மூன்று. லேப்டாப் தன் பேட்டரியில் ஓடியது, கீழே படியில் ஸ்கூட்டர் பேட்டரி. அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

"கண்ணு."

நான் பேசிக்கொண்டிருந்தேன். ஆறாவது பட்டியல், கழுத்து அகலம்.

"கண்ணு, தெற." தாழ்ப்பாள் குலுங்கியது. எங்கள் வீட்டில் அப்பா தட்டி ஒரு கதவு திறக்காமல் இருந்ததில்லை. பெங்களூர் அம்மா, "யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை, தொடர்கிறேன்" என்றேன். பிறகு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, கதவைப் பார்த்து, "அப்பா, தெறக்க மாட்டேன். முடிச்சுட்டுத்தான் வருவேன். போங்க" என்றேன்.

அவர் போனாரா நின்றாரா தெரியவில்லை. ஒரு எண்ணை மாற்றி அடித்து, அழித்து, திரும்ப அடித்தேன். பன்னிரண்டரைக்குக் கடைசிப் பட்டியலை அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அறுபடவில்லை. "முதல் தேதியிலிருந்து சேர்ந்துகொள்ளலாம்" என்றார் அந்த அம்மா, கறார் குறையாமலே.

தாழ்ப்பாளைத் திறந்து வந்தேன். அப்பா படி திரும்பும் இடத்தில் ரவுட்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நாலு பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.

"கரண்டு போயிருச்சு, நீ மேல அழுதுட்டு இருப்பேன்னு வந்தேன். இது எப்படி எரியுது?"

பேட்டரியைக் காட்டினேன். ஃபியூஸை, ஒயரை, பன்னிரண்டு வோல்ட் என்று எழுதியிருந்த இடத்தை எல்லாம் குனிந்து பார்த்தார். வேலை கிடைத்ததைச் சொன்னேன். "ம்" என்றார். எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ஷீட்டை எடுத்தார். செக்கிங் மாஸ்டர் பையில் அது எப்போதும் இருக்கும். என் அறைக்குப் போய், தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டினார். நுனி தாழ்ப்பாளைக் காட்டியது.

"இது ஆல்ட்டருக்குப் போகோணும்."

"அது சரியாத்தானுங்க இருக்கு."

"அம்பு ஒட்டியாச்சு கண்ணு."

"ஒட்டிக்குங்க."

அவர் கீழே போனார். முதல் தேதி காலையில் பத்து மணிக்கு உள்ளே போனேன். அம்பு அங்கேயே இருந்தது. அதைப் பிய்க்கவில்லை, கையில் படாமல் தாழ்ப்பாளை மட்டும் போட்டேன். மறுநாளும் போட்டேன். வெயிலில் அந்தச் சிவப்பு ரோஸ் ஆகி, இப்போது அம்பா வெறும் காகிதமா என்றே தெரியவில்லை. தாழ்ப்பாள் தேய்ந்து போய் ஒரு தடவை மாற்றினேன். புதிதாகப் போட்டது பழையதைவிடப் பெரியது.